பக்கவாதம் வந்த அம்மாவுக்கு எந்தக் கப்பல், எந்த அறை? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை (சத்துவாச்சாரி) | ஞாயிறு, காலை 10.15

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 71. மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்ததில் இடது கையும் இடது காலும் பலவீனமாகிவிட்டன. வீட்டுக்குள் நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு முப்பது, நாற்பது அடி நடப்பார். அதற்கு மேல் சக்கர நாற்காலிதான். பேச்சும் நினைவும் தெளிவாக இருக்கின்றன. அப்பாவுக்கு 76. இரத்த அழுத்தத்தைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

வருகிற கார்த்திகையில் அவர்களுக்குத் திருமணமாகி ஐம்பது ஆண்டுகள் நிறைகின்றன. சோளிங்கர் மலையின் 1305 படிகளையும் கார்த்திகை தோறும் ஏறியவர் அம்மா. பக்கவாதத்துக்குப் பிறகு அடிவாரத்தில் நின்று கும்பிடுவதோடு சரி. 2024இல் ரோப் கார் ஓடத் தொடங்கிய பிறகு அவரை மேலே அழைத்துப் போனேன். இறங்கி வரும்போது, "இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் நான் எங்கே வேண்டுமானாலும் வருவேன்" என்றார். அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது. அவர் கடலைக் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறார். நடுக்கடலைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்படும் சொகுசுக் கப்பல். மற்றொன்று, சிங்கப்பூர் வரை விமானத்தில் போய் அங்கிருந்து நான்கைந்து நாள் கப்பல். ஊரில் விசாரித்த பயண முகவர், "எல்லாக் கப்பலிலும் வீல்சேர் வசதி இருக்கிறது, கவலையே வேண்டாம்" என்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் பணம் கட்டலாமா?

மூன்று சக்கரம் (ராணிப்பேட்டை) | ஞாயிறு, காலை 11.02

கட்டாதீர்கள், தம்பி.

எனக்கு ஒன்றரை வயதில் போலியோ வந்தது. ஐம்பது ஆண்டுகளாக வாழ்க்கை சக்கரத்தில்தான். 2019இல் அக்காவோடு சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம் போனேன். ஒரு பயண முகவர் இதே வாக்கியத்தைத்தான் என்னிடமும் சொன்னார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக முடிந்தது, கலை நிகழ்ச்சி பார்க்க முடிந்தது, மேல்தளத்தில் காற்று வாங்க முடிந்தது. ஆனால் எங்களுக்குப் பதிவு செய்திருந்தது சாதாரண அறை. அதன் கதவு என் நாற்காலியைவிட இரண்டு அங்குலம் குறுகல். நாற்காலியை மடக்கித்தான் உள்ளே கொண்டு போக முடிந்தது. நடைபாதையில் நிறுத்தவும் அனுமதி இல்லை. தீப்பிடித்தால் மக்கள் ஓடும் வழி அது என்றார்கள். அந்த விதி சரியானதுதான்.

குளியலறை வாசலில் ஆறு அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்பு. தண்ணீர் அறைக்குள் வராமல் இருக்க எழுப்பியது. நடப்பவர்கள் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். என்னை அக்கா தூக்கிக்கொண்டு அதைத் தாண்டினாள். அவளுக்கு அப்போது வயது 58. மாற்றுத்திறனாளிகளுக்கான அறையைக் கேட்டோம். அவையெல்லாம் பல மாதங்களுக்கு முன்பே நிறைந்துவிட்டன என்று பதில் வந்தது. அக்காவின் இடுப்பை நினைத்து, நான்கு நாட்களும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். சுற்றிலும் கடல், கையில் அளந்து குடித்த தண்ணீர். இதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் அம்மாவுக்கு அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

"வசதி இருக்கிறதா" என்று கேட்டால் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். எங்களுக்கு ஒதுக்கிய அறையின் எண் என்ன, கதவின் அகலம் எத்தனை அங்குலம், குளியலறை வாசலில் தடுப்பு உண்டா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஆற்காட்டு மருமகள் | ஞாயிறு, பகல் 12.30

என் மாமியாருக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். நடப்பார், ஆனால் நிற்க முடியாது. எங்களுக்கும் இதே யோசனை இருப்பதால் தொடர்ந்து படிக்கிறேன். அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்று மாமியாரின் குளியலறை வாசலைப் போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டிலேயே நான்கு அங்குலம் இருக்கிறது.

குடியாத்தம் கடலோடி | ஞாயிறு, இரவு 9.48

பத்தொன்பது ஆண்டுகள் சொகுசுக் கப்பல்களில் அறைப் பராமரிப்பு வேலை பார்த்தவன். கரீபியன், மத்தியதரைக் கடல், கடைசி நான்கு ஆண்டுகள் சிங்கப்பூர். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ராணிப்பேட்டைச் சகோதரி எழுதியதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. அப்படிப்பட்ட அறைகளில் தவித்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு அவர்களைத் தூக்க அனுமதி கிடையாது. முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: கப்பல் ஊழியர் படுக்கையைத் தட்டிப் போடுவார், சாப்பாடு கொண்டு வருவார், ஆனால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, குளிக்க வைப்பது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது எல்லாம் உடன் வருபவரின் பொறுப்பு. கப்பலில் சக்கர நாற்காலி தருவார்கள் என்பதும் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான். பயணம் முழுவதும் வேண்டுமென்றால் சொந்த நாற்காலியைக் கொண்டு போக வேண்டும், அல்லது முன்கூட்டி வாடகைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

சாதாரண அறைக் கதவு பல கப்பல்களில் 22, 23 அங்குலம்தான் இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கென்று கட்டிய அறையில் 32 அங்குலம் அளவில் இருக்கும். உள்ளே நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்ப ஐந்தடி இடம் விட்டிருப்பார்கள். குளியலறை வாசல் சமதளம், சுவரில் கைப்பிடிக் கம்பி, குளிக்க உட்காருவதற்கு மடக்கு இருக்கை. ஆயிரத்துக்கு மேல் அறைகள் உள்ள கப்பலில்கூட இப்படிப்பட்டவை சில பத்துகளைத் தாண்டுவது அரிது. ஆகவே தேதியை முடிவு செய்துவிட்டு அறை தேடாதீர்கள். அறை எந்தத் தேதியில் கிடைக்கிறதோ அதுவே உங்கள் தேதி.

இந்த அளவுகளுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பலானாலும் அமெரிக்கக் கடற்பகுதிக்குள் வந்தால் அந்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் ஓடும் பயணத்துக்கு அந்தச் சட்டம் வராது. ஆனால் பெரிய நிறுவனங்கள் கப்பலை இன்று ஒரு கடலிலும் நாளை இன்னொரு கடலிலும் ஓட்டுவதால், புதிதாகக் கட்டும்போதே அந்த அளவுகளை வைத்துவிடுகிறார்கள். ஆகவே கப்பல் கட்டிய ஆண்டைப் பாருங்கள். சென்னையிலிருந்து இலங்கைக்கு ஓடிய கோர்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 1990இல் கட்டியது, 211 மீட்டர் நீளம். சிங்கப்பூரிலிருந்து ஓடும் கெண்டிங் ட்ரீம் 2016இல் வந்தது, 335 மீட்டர். புதியதில் கதவு அகலமாக இருக்கும், லிஃப்டுகள் அதிகம் இருக்கும். ஆனால் அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் தூரமும் கூடும். நாற்பது அடி நடக்கும் அம்மாவுக்குச் சின்னக் கப்பலிலும் சக்கர நாற்காலி வேண்டும், பெரிய கப்பலிலும் வேண்டும். அப்படியிருக்க, நான் அகலக் கதவையே தேர்ந்தெடுப்பேன். ஆற்காட்டுச் சகோதரியின் மாமியாருக்கு இதே பதில் பொருந்தாது. மெதுவாக நடக்கக்கூடியவருக்குச் சின்னக் கப்பலில் லிஃப்டுக்குப் பக்கத்து அறை கிடைத்தால் அதுவே சுகம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கப்பலைவிடத் துறைமுகத்தைப் பாருங்கள். சில ஊர்களில் கப்பல் மேடையை ஒட்டி நிற்கும். சரிவுப் பலகை வழியாக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இறங்கலாம். சில ஊர்களில் ஆழம் போதாது, அல்லது மேடை இருக்காது. கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கே டெண்டர் என்று சொல்லும் சிறு படகில் மாறிக் கரைக்குப் போக வேண்டும். படகும் கப்பலும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஓர் எட்டு வைக்க வேண்டும். நன்றாக நடப்பவர்களே தடுமாறும் இடம் அது. அலை இருந்தால் சக்கர நாற்காலியில் இருப்பவரை ஏற்ற மாட்டோம் என்று கப்பல்காரர்கள் சொல்லிவிடுவார்கள், அது அவர்கள் உரிமை. தாய்லாந்தின் புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்கும். லட்சத்தீவிலும் படகுதான். மலேசியாவின் போர்ட் கிளாங்கிலும் பினாங்கிலும் மேடையை ஒட்டி நிற்கும். பயண நிரலில் இது சின்ன எழுத்தில் இருக்கும், சில நேரம் இருக்கவே இருக்காது. ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். மேடை உள்ள ஊரிலும் கடல் ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் ஏற்றபடி பலகையின் சரிவு மாறும். காலையில் எளிதாக இறங்கிய பலகை மாலையில் செங்குத்தாக நிற்கும். எப்போது சரிவு குறைவாக இருக்கும் என்று வரவேற்பு மேசையில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

கடைசியாக ஒன்று. கார்த்திகை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை வங்கக் கடலில் புயல் பருவம். ஆடுகிற தளத்தில் ஒரு பக்கம் பலவீனமான அம்மாவை நடக்க வைப்பது ஆபத்து. தை முடிந்து மாசியில் போங்கள். சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாகப் போகும் கப்பலுக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேயா; இரண்டும் அரணாக நிற்பதால் அலை அடங்கியிருக்கும். அறை கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கிடைத்தால் ஆட்டம் இன்னும் குறையும்.

வாலாஜா வாசகர் | திங்கள், காலை 7.20

யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கவாதம் வந்த 71 வயது அம்மாவை நடுக்கடலுக்கு அழைத்துப் போவதை என் மனம் ஏற்கவில்லை. வேலூரில் இருந்தால் நள்ளிரவில் ஏதாவது ஆனாலும் கால்மணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். கப்பலில் ஓரிரு டாக்டர், சில நர்ஸ்கள், சில கட்டில்கள்தான். பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. என் அப்பாவை நான் வடநாட்டு யாத்திரையில், ரயிலில் இழந்தேன். அடுத்த ஸ்டேஷன் வர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரம் இன்றும் என்னைத் தூங்க விடுவதில்லை. மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்தபடி ஓர் அறை எடுத்து நான்கு நாள் தங்கலாம். அதே கடல்தானே?

பாகாயம் | திங்கள், மாலை 6.05

மறுவாழ்வு சிகிச்சைத் துறையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். வாலாஜா ஐயாவின் கவலை நியாயமானது. அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

பக்கவாதம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகி, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்து, மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுபவர் பயணம் செய்யலாமா என்பதை அவரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் சொல்ல வேண்டும். நாம் இங்கே முடிவு செய்ய முடியாது. அவர் சரி என்றால், "உடல் முடியாதவர் வீட்டில் இருக்கட்டும்" என்ற எண்ணத்தை நாம் கைவிட வேண்டும். 1954இல் நடந்த விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தது இந்த வேலூரில்தான். நான் வேலைக்குப் போகும் வழியில் தினமும் அவரை நினைப்பதுண்டு.

இனி அம்மாவின் விஷயம். அவருக்குப் பலவீனம் இடது பக்கம். ஆகவே எழும்போதும் உட்காரும்போதும் அவர் பிடிப்பது வலது கையால். இதை யாருமே கேட்பதில்லை: கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்துச் சுவரும் கம்பியும் எந்தப் பக்கம் இருக்கின்றன? கப்பலின் அறைகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி மாறி அமைந்திருக்கும். ஓர் அறையில் கம்பி வலது பக்கம் என்றால் இன்னோர் அறையில் இடது பக்கம் இருக்கும். இடது பக்கக் கம்பியால் உங்கள் அம்மாவுக்கு ஒரு பயனும் இல்லை. "மாற்றுத்திறனாளிகளுக்கான அறை" என்று எழுதிக் கொடுத்தாலும், அவருக்கு அது பாதிதான் பொருந்தும். கட்டிலும் அப்படித்தான். வலது பக்கமாக இறங்கும்படி இடம் இருக்க வேண்டும். கட்டிலின் உயரம் அவருடைய நாற்காலி இருக்கையின் உயரத்தோடு ஒத்துப்போனால் ஒருவர் துணையோடு மாறலாம். கட்டில் மூன்று அங்குலம் தாழ்ந்திருந்தால் எழுப்புவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

கப்பலில் அறைக் கதவுகள் தீத்தடுப்புக் கதவுகள். கனமானவை, தானாக மூடிக்கொள்ளும். ஒற்றைக் கையால் கதவைத் தள்ளிக்கொண்டு நாற்காலியையும் நகர்த்துவது அவரால் ஆகாது. தனியாக வெளியே வர முயல வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். தரை விரிப்பும் தடிமனாக இருக்கும். வீட்டுத் தரையில் ஒரு விரலால் தள்ளுகிற நாற்காலியை அங்கே அப்பா இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருக்கும். 76 வயது அப்பா மட்டும் துணை என்றால் போதாது, நீங்களும் வர வேண்டும்.

கடல் மயக்கத்துக்குக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றில் பல முதியவர்களுக்குத் தூக்கத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கும், விழும் அபாயம் கூடும். மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வழக்கமான மாத்திரைகள் பயண நாட்களைப்போல் இரண்டு மடங்கு, கைப்பையில்.

மூன்று சக்கரம் (ராணிப்பேட்டை) | திங்கள், இரவு 8.40

வாலாஜா ஐயா, உங்கள் அப்பாவுக்காக வருந்துகிறேன். ஆனால் மாமல்லபுரத்துக் கடலும் நடுக்கடலும் ஒன்று இல்லை. அவ்வளவு தவித்த பயணத்திலும் எனக்கு ஒரு காலை கிடைத்தது, அதைச் சொல்கிறேன்.

புக்கெட்டில் கப்பல் நங்கூரமிட்டு நின்றது. என்னைப் படகில் ஏற்றவில்லை. அக்காவை வற்புறுத்தி அனுப்பிவிட்டு நான் மட்டும் இருந்தேன். அழுகை வந்தது. பத்து மணிக்கு மேல்தளத்துக்குப் போனேன். மூவாயிரம் பேர் நெருக்கிய கப்பலில் முப்பது பேர்கூட இல்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை, வழி விடுங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. கம்பியை ஒட்டி நாற்காலியை நிறுத்தி, பிரேக் போட்டு, மதியம் வரை அங்கேயே இருந்தேன். மணல் இல்லாத கடல் அது. கடற்கரை மணலில் என் சக்கரம் புதையும். மாமல்லபுரத்தில் நான் எப்போதும் தார்ச்சாலையிலிருந்துதான் கடலைப் பார்த்திருக்கிறேன். அங்கே முதன்முறையாகத் தண்ணீருக்கும் எனக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

தம்பி, ஊர்களை எண்ணிக் கப்பலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இறங்கவே முடியாவிட்டாலும் நாள் முழுவதும் மகிழ்ச்சியாக இருக்கக்கூடிய கப்பலா என்று பாருங்கள். மேல்தளத்துக்குப் போகும் கதவு தானாகத் திறக்குமா, அங்கே நிழல் உண்டா, கம்பிக்கு நடுவே உட்கார்ந்த உயரத்தில் கடல் தெரியுமா? பால்கனி அறை என்றால் பால்கனி வாசலிலும் தடுப்பு இருக்கும், அதற்குச் சரிவுப் பலகை போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்று. இதில் அம்மாவின் குரலைக் காணவில்லையே. அவரிடம் கேட்டீர்களா?

காட்பாடி சந்திப்பு | செவ்வாய், காலை 6.50

விமானம் பற்றி மட்டும் எழுதுகிறேன். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்யுங்கள். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும். அதில் மூன்று வகை உண்டு. டபிள்யூ.சி.எச்.ஆர் என்றால் படி ஏறுவார், தூரம் நடக்க மாட்டார். டபிள்யூ.சி.எச்.எஸ் என்றால் படி ஏற முடியாது. டபிள்யூ.சி.எச்.சி என்றால் இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டும். பயண முகவர்கள் பழக்கத்தில் முதல் வகையைப் போட்டுவிடுவார்கள். விமானம் தூரத்தில் நின்றால் உங்கள் அம்மா படிக்கட்டின் அடியில் நிற்க நேரிடும். இரண்டாவது வகையைக் கேட்டு வாங்குங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து விமான நிலையம் வரை சாலையில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை கிடைப்பது அரிது. ஒரு நாள் முன்பே போய் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தங்குவது நல்லது. சிங்கப்பூரிலும் கப்பல் கிளம்பும் நாளில் போய் இறங்காதீர்கள், முதல் நாளே போய்விடுங்கள். சிங்கப்பூர் விசா பல முறை நுழையக்கூடியதாக இருக்கட்டும். கப்பல் திரும்பி வரும்போது மறுபடியும் நுழைகிறீர்கள்.

ஆற்காட்டு மருமகள் | செவ்வாய், காலை 9.15

மடக்கி எடுத்துப் போகும் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கலாம் என்று கணவர் சொல்கிறார். கப்பலில் விடுவார்களா?

குடியாத்தம் கடலோடி | செவ்வாய், பகல் 1.10

விடுவார்கள், ஆனால் இரவில் அறைக்குள்தான் நிறுத்த வேண்டும், சார்ஜும் அங்கேதான். ஆகவே கதவு அகலம் மறுபடியும் முன்னால் வந்து நிற்கும். விமானத்துக்கு பேட்டரியின் வாட் மணி (Wh) அளவு முக்கியம். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி ஒன்று என்றால் 300 வரை, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வரை. வாங்கும்முன் பேட்டரியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

எல்லோருக்குமாக ஒன்று. கப்பல் கிளம்பும்முன் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். பலர் பயிற்சிக்கு முன்பே விபத்தைச் சந்தித்தார்கள். அதன் பிறகுதான், புறப்படும்முன் அல்லது புறப்பட்டவுடன் பயிற்சி நடத்தியே ஆக வேண்டும் என்ற சர்வதேச விதி 2015 முதல் வந்தது. அவசரத்தில் லிஃப்டை நம்ப முடியாது. படியில் இறக்குவதற்கென்று தனி நாற்காலிகளும் அதற்கான ஊழியர்களும் இருக்கிறார்கள். ஆனால் எந்த அறையில் யாருக்கு உதவி வேண்டும் என்ற பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால்தான் அவர்கள் வருவார்கள். ஏறிய முதல் மணி நேரத்திலேயே வரவேற்பு மேசைக்குப் போய் அறை எண்ணைப் பதிவு செய்யுங்கள். உணவு நேரம் முடியும்போதும் நிகழ்ச்சி முடியும்போதும் லிஃப்டில் நெரிசல். கால்மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிடுங்கள்.

பாலாற்றங்கரை (சத்துவாச்சாரி) | புதன், இரவு 10.05

ராணிப்பேட்டை அக்காவின் கேள்விக்கு அன்று பதில் எழுத முடியவில்லை. நான் அம்மாவிடம் கேட்டிருக்கவில்லை. பொன்விழா அன்று சொல்லி மகிழ்விக்கலாம் என்று எண்ணியிருந்தேன். நேற்று கேட்டேன்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "குளியலறைக்கு உன் அப்பா என்னைத் தாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தால் நான் வரவில்லை. அவர் விழுந்துவிடுவார். நானே உட்கார்ந்து நானே எழ முடிந்தால் வருகிறேன்" என்றார். புயலையும் ஆஸ்பத்திரியையும் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு, போகிற வழியில் பினாங்கு வருமா என்று கேட்டார். அவருடைய சின்னத் தாத்தா அங்கே தோட்ட வேலைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டவர். வீட்டுக்கு வந்த கடிதங்களைச் சிறுமியாக இருந்தபோது அம்மாதான் படித்துக் காட்டுவாராம். இது எனக்குத் தெரியவே தெரியாது.

இன்று அங்குல நாடாவோடு உட்கார்ந்தேன். நாற்காலியின் மொத்த அகலம் 25 அங்குலம், இருக்கை உயரம் 19. வீட்டுக் கழிப்பறையில் அவர் பிடிக்கும் கம்பி வலது பக்கம். நரம்பியல் மருத்துவரை வெள்ளிக்கிழமை பார்க்கிறோம். மாசியில் சிங்கப்பூர், போர்ட் கிளாங், பினாங்கு என்று படகு மாறத் தேவையில்லாத பயணமாகத் தேடுகிறேன். பினாங்கில் இறங்கினால் நாற்காலியில் எங்கே வரை போகலாம்?

குடியாத்தம் கடலோடி | வியாழன், காலை 8.30

பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் நிற்கும். அங்கிருந்து ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா பக்கம்தான். 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில் அங்கே இருக்கிறது. ஆனால் பழைய கடைகளின் முன்னால் இருக்கும் நடைபாதை ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வோர் உயரம், நடுநடுவே படி. நாற்காலியோடு அதில் ஏறாதீர்கள், தெரு ஓரமாகவே போங்கள். வெயிலுக்கு முன் காலையிலேயே இறங்கிவிடுங்கள். தெரு முழுவதும் தமிழ் கேட்கும். அம்மாவுக்குப் பிடிக்கும்.

வாலாஜா வாசகர் | வியாழன், பகல் 2.45

அம்மா சொன்னதைப் படித்தேன். போகக் கூடாது என்று இனி சொல்ல மாட்டேன். என் பயம் போகவில்லை, அது இருக்கட்டும். ஒரு வேண்டுகோள் மட்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது பக்கவாதம் வந்ததை மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் சேர்த்து, கப்பலிலிருந்து கரைக்கு மாற்றும் செலவும் உள்ள பாலிசியைத் தேடி எடுங்கள். மறைத்து எடுத்தால் தேவைப்படும் நாளில் அது வெறும் காகிதம். மருத்துவக் குறிப்பைச் சுருக்கமாக ஆங்கிலத்தில் எழுதி வாங்கி அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள்.

பாலாற்றங்கரை (சத்துவாச்சாரி) | அடுத்த வியாழன், இரவு 9.20

மருத்துவர் அனுமதி கொடுத்துவிட்டார். ஐயா சொன்னபடி குறிப்பும் வாங்கிவிட்டேன். காப்பீட்டில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், தொகை கூடத்தான் வந்தது.

கப்பல் நிறுவனத்தின் மாற்றுத்திறனாளிகள் பிரிவுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினேன். முதல் பதிலில் "எல்லா வசதியும் உண்டு" என்று மட்டும் இருந்தது. விடாமல் இரண்டாவது கடிதம் எழுதினேன், அளவுகளோடு. மூன்று நாள் கழித்து வரைபடத்தோடு பதில் வந்தது. மாசி இரண்டாம் வாரத்தில் இரண்டு அறைகள் காலியாக இருந்தன. இரண்டிலும் கதவு 32 அங்குலம், குளியலறை வாசல் சமதளம். முதல் அறையில் கழிப்பறைக் கம்பி இடது பக்கம். பாகாயம் சகோதரி எழுதியிராவிட்டால் லிஃப்டுக்குப் பக்கம் என்று அதைத்தான் எடுத்திருப்பேன். இரண்டாவது அறை லிஃப்டிலிருந்து இன்னும் இருபது மீட்டர் தள்ளி, கம்பி வலது பக்கம். அதற்கு முன்பணம் கட்டிவிட்டேன். அப்பா, அம்மா, சோபாக் கட்டிலில் நான்.

கட்டில் உயரம் 22 அங்குலம் என்று எழுதியிருக்கிறார்கள். நாற்காலியைவிட மூன்று அங்குலம் கூடுதல். இறங்குவது எளிது, ஏறுவது கடினமாக இருக்கும் என்று தோன்றுகிறது. அம்மா இன்று காலையிலிருந்தே மெத்தையின் மேல் இன்னொரு மெத்தையைப் போடச் சொல்லி ஏறிப் பழகிக்கொண்டிருக்கிறார். பாகாயம் சகோதரி, அடுத்த வாரம் அவரை நேரில் அழைத்து வந்தால் அதற்கான பயிற்சி சொல்லித் தருவீர்களா? நாற்காலியையும் கொண்டு வருகிறேன், இடது பிரேக் கொஞ்சம் நழுவுகிறது.

பாகாயம் | அடுத்த வியாழன், இரவு 9.55

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குள் வாருங்கள். இரண்டு மெத்தை வேண்டாம், வழுக்கும். அதுவரை அம்மாவை ஏற விடாதீர்கள். அப்பாவும் வரட்டும்.